செத்த காலேஜுக்கு யாரைக் கூப்பிடுவது?

அருங்காட்சியகத்தை நிறுவியவருக்கு நினைவு விழா எடுக்கும்போது அச்சாகிற அழைப்பிதழ்களை நாலைந்து சேர்த்து வைத்துப் படித்தால் ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபடும். மேலே சின்னமும் நிறுவனத்தின் பெயரும். கீழே "அன்புடையீர், வணக்கம்". ஒரே ஒரு வாக்கியத்தில் நிறுவனர் வந்துபோவார்: இன்னாரின் இத்தனையாவது ஆண்டு நினைவு விழா. அதன்பிறகு பக்கம் முழுக்க வேறு ஆட்கள். தலைமை யார், முன்னிலை யார், வாழ்த்துரை யார், சிறப்புரை யார், நன்றியுரை யார். எழுத்தின் அளவே பதவியைச் சொல்லிவிடும். சிறப்பு விருந்தினர் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும், நிறுவனர் பெயர் அதைவிடச் சிறியதாக இருக்கும். கடைசி வரி: அழைப்பிதழைத் தவறாமல் கொண்டு வரவும், பதினைந்து நிமிடம் முன்னதாக இருக்கையில் அமரவும்.

இதில் என்ன தப்பு, எல்லா விழாவும் இப்படித்தானே என்று கேட்கலாம். கல்யாணப் பத்திரிகையிலும் தாய்மாமன் பெயர் வரிசை மாறினால் சண்டை வருகிற ஊர் நம்முடையது. ஆனால் அருங்காட்சியகத்துக்கு இது பொருந்தாது என்று நினைக்கிறேன். காரணம் எளிமையானது. அருங்காட்சியகத்தை நிறுவுவது என்பதே ஒரு அழைப்புதான். முன்பு ஒரு வீட்டுக்குள்ளோ அரண்மனைக்குள்ளோ சங்கத்துக்குள்ளோ கிடந்ததை வெளியே எடுத்து வைத்து, "முன்பின் தெரியாதவங்களும் வந்து பாருங்க" என்று சொல்வது. அப்படிச் சொன்ன ஒருவரை நினைக்கிற நாளில், அவர் கூப்பிட்ட ஆட்களைத் தவிர மற்ற எல்லாரையும் கூப்பிடுகிறோம். என் புகார் இவ்வளவுதான். கொஞ்சம் ஆதாரத்தோடு சொல்லிப் பார்க்கிறேன்.

அரசிதழ்தான் முதல் அழைப்பிதழ்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை எடுத்துக்கொள்வோம். சென்னை இலக்கியச் சங்கத்தின் கையில் சேர்ந்திருந்த கற்கள், மாதிரிகளை வைத்து ஒரு மியூசியம் தொடங்கலாம் என்று 1840-களில் பேச்சு எழுந்தது. லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களின் ஒப்புதல் கிடைத்தது. எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர் பொறுப்பேற்றார். 1851 ஏப்ரலில் புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் மியூசியம் திறக்கப்பட்டதாக அறிவிப்பு வந்தது. தொடக்கத்தில் இருந்தது ஏறக்குறைய 1,100 நிலவியல் மாதிரிகள். இடம், கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடி. அங்கே இடம் போதாமல் 1854 டிசம்பரில் பாந்தியன் சாலைக்கு மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அரசிதழ் அறிவிப்பில் "அன்புடையீர்" கிடையாது. யாருக்கென்று பெயர் போட்டு அது போகவில்லை. அதனாலேயே அது எல்லாருக்குமான கடிதம். அந்த மியூசியத்தின் முதல் அழைப்பிதழ் என்று நான் அதைத்தான் சொல்வேன்.

பால்ஃபர் கூட்டத்தைக் கவனித்த மனிதர். மியூசியத்தில் ஒரு புலிக்குட்டியும் ஒரு சிறுத்தையும் உயிரோடு இருந்தபோது ஜனங்கள் அதைப் பார்க்கத் திரண்டார்கள். கல்லைப் பார்க்க வராதவர்கள் புலியைப் பார்க்க வருகிறார்கள் என்றால் புலியையே கூடுதலாக வைப்போம் என்று முடிவெடுத்தார். கர்நாடக நவாபிடம் பேசி, அவரிடமிருந்த விலங்குகளை 1855-ல் மியூசியத்துக்கு வாங்கினார். ஒரே ஆண்டில் பாலூட்டி, பறவை, ஊர்வன என்று முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன. சென்னையின் உயிரியல் பூங்கா பிறந்தது இப்படித்தான். 1861-ல் அது மாநகராட்சியின் கைக்குப் போய், சென்ட்ரல் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்குக்கு இடம் மாறியது. பிற்காலத்தில் வண்டலூர்.

ஜனங்கள் இந்த அழைப்பை ஏற்றுக்கொண்டதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அது எந்த ஆண்டறிக்கையிலும் இல்லை, வாய்மொழியில் இருக்கிறது. சென்னைக்காரர்கள் மியூசியத்துக்கு வைத்த பெயர் "செத்த காலேஜ்". விலங்குக் காட்சிசாலைக்கு "உயிர் காலேஜ்". கல்லூரிச் சாலைக் கட்டடத்தில் தொடங்கியதால் "காலேஜ்" ஒட்டிக்கொண்டது. பாடம் பண்ணிய விலங்கும் எலும்புக்கூடும் இருந்ததால் "செத்த". காணும் பொங்கலன்று கட்டுச்சோறு கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் செத்த காலேஜும் உயிர் காலேஜும் பார்த்துவிட்டுத்தான் கடற்கரைக்குப் போவார்கள். ஒரு இடத்துக்கு மக்கள் தாங்களே பெயர் வைக்கிறார்கள் என்றால் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

இப்போது விழா அழைப்பிதழுக்கு வாருங்கள். "செத்த காலேஜ்" என்ற சொல்லை அதில் அச்சடிக்க யாருக்காவது துணிச்சல் வருமா?

விருந்து என்றால் புதுசு

தமிழில் "விருந்து" என்ற சொல்லின் பழைய பொருள் புதுமை. தொல்காப்பியம் செய்யுளின் எட்டு வனப்புகளில் ஒன்றாக "விருந்து" என்பதைச் சொல்கிறது. அங்கே சாப்பாட்டுக்கு வேலையில்லை, புதிதாகப் புனைவதைப் பற்றிய பேச்சு. வீட்டுக்குப் புதிதாக வருபவர் விருந்தினர் ஆனது அதிலிருந்துதான். தெரிந்தவர், சொந்தக்காரர் வந்தால் அது உறவு. தெரியாதவர் வந்தால் விருந்து.

இந்த அளவுகோலை நம்முடைய "சிறப்பு விருந்தினர்" மேல் வைத்துப் பாருங்கள். அவர் ஒருநாளும் புதியவர் கிடையாது. காலையில் பாலம் திறந்தவர், மதியம் பள்ளி ஆண்டு விழாவில் பேசியவர், மாலையில் இங்கே குத்துவிளக்கு ஏற்றுகிறார். சொல் இருக்கிறது, அதற்குள் இருந்த பொருள் வெளியேறிவிட்டது. அவரைக் கூப்பிடும் கடிதமும் அப்படியே. "தங்கள் மேலான வருகையால் விழா சிறப்புற" என்கிற வரியில் பெயரை மட்டும் மாற்றினால் பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடத் திறப்புக்கும் அது போதும். ஏன் நீங்கள், ஏன் இந்த நிறுவனர், ஏன் இந்த நாள் என்ற மூன்று கேள்விக்கும் அந்தக் கடிதத்தில் பதில் கிடையாது. அழைப்புக் கடிதமாக அது தோற்கிற இடம் இதுதான்.

கல்கத்தா: ஒரு கடிதமும் ஒரு விழாவும்

இதே விஷயம் பெரிய அளவில் நடந்ததற்கு கல்கத்தா இந்தியன் மியூசியம் உதாரணம். நதானியேல் வாலிச் டென்மார்க்காரர், தாவரவியலாளர். டேனிஷ் குடியேற்றமான செராம்பூரில் மருத்துவராக இருந்தார். ஐரோப்பாவில் நடந்த போரின் தொடர்ச்சியாக ஆங்கிலேயர் செராம்பூரைப் பிடித்தபோது போர்க்கைதியானார். அறிவுத்துறையில் பயன்படுவார் என்று வெளியே விட்டார்கள். அந்த மனிதர் 1814 பிப்ரவரி 2-ஆம் தேதி ஆசியச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு அருங்காட்சியகம் தொடங்குங்கள், சம்பளம் இல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன், என் சேகரிப்பில் இரட்டைப் பிரதியாக இருப்பவற்றைத் தருகிறேன் என்பது அதன் சாரம். சங்கம் ஒப்புக்கொண்டது. இந்தியாவின் மிகப் பழைய அருங்காட்சியகம் ஒரு வெளியாளின் கடிதத்திலிருந்து பிறந்தது.

சரியாக இருநூறு ஆண்டு கழித்து, 2014 பிப்ரவரி 2 அன்று இருநூற்றாண்டு விழா. அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கி வைத்தார். அவர் வந்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நாட்டின் மூத்த மியூசியத்துக்கு நாட்டின் பிரதமர் வருவது முறைதான். என் கண்ணில் படுவது வேறு. புதுப்பிக்கும் பணிக்காக 2013 செப்டம்பரிலிருந்து மியூசியம் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. விழா நாளுக்கு முன்னால் எல்லாவற்றையும் முடிக்கவேண்டும் என்ற அவசரம் இருந்தது. பொருட்களை இடம் மாற்றும்போது ராம்பூர்வா சிங்கத் தூண்தலைப்பு சேதமானதாகச் செய்தி வந்து பெரிய சர்ச்சை ஆனது. அசோகர் காலத்துக் கல், ஈராயிரம் ஆண்டைத் தாண்டி நின்றது. விருந்தாளிக்காக வீட்டை ஒழுங்குபடுத்தப் போய் வீட்டிலிருக்கிற மூத்தவருக்கு அடிபட்ட கதை.

கல்கத்தா மக்களும் அந்த மியூசியத்துக்குத் தங்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்: "ஜாதுகர்". மாய வீடு என்று அர்த்தம். செத்த காலேஜுக்கு அக்கா முறை.

லண்டன்: சீட்டு வாங்கி வந்தவர்கள்

நிறுவனரைக் கொண்டாடுவது என்றாலே அவரைப் புகழ்வது என்று எடுத்துக்கொள்வதில் இன்னொரு சிக்கல். பிரிட்டிஷ் மியூசியத்தின் அடித்தளம் ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவரின் சேகரிப்பு. 1753-ல் அவர் இறந்தபோது எழுபத்தோராயிரம் பொருட்களுக்கு மேல் இருந்தன. வாரிசுகளுக்கு 20,000 பவுண்டு கொடுத்து நாடு எடுத்துக்கொள்ளலாம் என்பது உயில். நாடாளுமன்றம் அதே ஆண்டு சட்டம் போட்டது. 1759 ஜனவரியில் திறந்தார்கள்.

சட்டப்படி அனுமதி இலவசம். நடைமுறை வேறு. பார்க்க விரும்புகிறவர் பெயர், நிலை, முகவரி எழுதிக் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். பெயரை ஆய்ந்து ஒப்புதல் தருவார்கள். பிறகு திரும்பி வந்து சீட்டு வாங்க வேண்டும், இன்னொரு நாள் வந்துதான் பார்க்க முடியும். கூலி வேலைக்காரன் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு வருவானா? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இந்தச் சீட்டு முறை போனது. இதை வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்துச் சென்னையில் புலிக்குட்டிக்காகக் கதவைத் திறந்து வைத்த பால்ஃபரின் மதிப்பு தெரியும்.

ஸ்லோனின் பணத்தில் ஒரு பகுதி அவர் மனைவி வழியில் வந்த ஜமைக்கா கரும்புத் தோட்டங்களின் வருமானம். அதில் உழைத்தவர்கள் அடிமைகள். 2020 ஆகஸ்டில் மியூசியம் அவர் மார்பளவுச் சிலையைப் பீடத்திலிருந்து எடுத்து, அடிமை வணிகத்தைப் பற்றிய விளக்கத்தோடு ஒரு கண்ணாடிப் பேழைக்குள் வைத்தது. வரலாற்றை அழிக்கிறார்கள் என்று ஒரு தரப்பு, இது போதாது என்று இன்னொரு தரப்பு. எனக்கு அதில் பட்டது இது: ஒரு நிறுவனரை மாலையிலிருந்து வாக்கியத்துக்கு மாற்றினார்கள். மாலைக்கு ஒரே அர்த்தம்தான். வாக்கியத்தில் "ஆனால்" போட முடியும்.

பால்ஃபரைப் பற்றியும் "ஆனால்" போட வேண்டியிருக்கிறது. அவர் கம்பெனி ஊழியர். மியூசியம் கம்பெனி ஆட்சியின் உறுப்பு. வால்டர் எலியட் 1845-ல் அமராவதியில் தோண்டி எடுத்த பௌத்தச் சிற்பங்கள் சென்னைக்கு வந்து கிடந்தன. அவற்றில் பெரும்பகுதி 1859-ல் லண்டனுக்குக் கப்பலேறியது. இன்று அமராவதி ஸ்தூபத்தின் ஒரு பகுதியைப் பார்க்க எழும்பூருக்கும் இன்னொரு பகுதியைப் பார்க்க லண்டனுக்கும் போக வேண்டும். விலங்குகளைக் கொடுத்த நவாபின் கதையும் உண்டு. குலாம் கௌஸ் கான் அதே 1855-ல் வாரிசில்லாமல் இறந்தார். நவாப் பட்டமே ரத்தாகிவிட்டது. பின்னால் ஆற்காடு இளவரசர் என்ற பட்டத்தோடு அந்தக் குடும்பம் ராயப்பேட்டை அமீர் மகாலில் தொடர்கிறது. கொடுத்தவர் வீடு கொடுத்த ஆண்டிலேயே சரிந்தது. நிறுவனர் விழா மேடையில் இந்த வரியைச் சொல்லாமல் பால்ஃபரைப் பற்றி மட்டும் பேசினால் அது பாதிக் கதை.

பூனா: பெயரை மறைத்துக்கொண்ட நிறுவனர்

தினகர் கேல்கர் 1896-ல் பிறந்தவர். பூனாவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கவிதையும் எழுதினார், "அஞ்ஞாதவாசி" என்ற புனைபெயரில். தன்னை மறைத்துக்கொண்டு வாழ்பவன் என்று பொருள். சின்ன வயதில் இறந்துபோன மகனின் பெயர் ராஜா. அந்த நினைவில்தான் மியூசியத்துக்கு ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம் என்று பெயர். பெயரைப் பார்த்து ஏதோ சமஸ்தானத்து ராஜா என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு.

அவர் சேர்த்ததில் சிம்மாசனத்தைத் தேடாதீர்கள். விளக்கு, பாக்குவெட்டி, பூட்டு, சீப்பு, அடுக்களைப் பாத்திரம், வாத்தியம். ஊர் ஊராக அலைந்து இருபதாயிரத்துக்கு மேல் சேர்த்தார். மனைவி கமலாபாய் கூடவே நின்றார். 1975-ல் மொத்தத்தையும் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். 1990-ல் இறந்தார்.

இவருக்கு நினைவு விழா எடுத்தால் யாரைக் கூப்பிட வேண்டும்? பித்தளை வார்ப்பவரை, பூட்டுச் செய்பவரை, பாட்டியின் பாக்குவெட்டியைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருக்கிற ஒரு வீட்டு மருமகளை. தன் பெயரையே மறைத்துக்கொண்டவர், பெயர் போட்ட நாற்காலிகள் ஏழு வரிசையாக நிற்கிற மேடையைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

எதிர்த்தரப்பு

இந்த விமர்சனத்துக்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மியூசியங்கள் அரசுப் பணத்தில் ஓடுகின்றன. அமைச்சர் வருகிறார் என்றால்தான் ஒழுகுகிற கூரைக்கு ஆள் வருவான், உடைந்த நடைபாதைக்கு ஓடு வரும், தூங்குகிற கோப்பு எழுந்திருக்கும். மேடையில் ஒரு அறிவிப்பு வந்தால் ஒரு காட்சிக்கூடம் பிழைக்கும். எழும்பூரிலேயே 1951 நூற்றாண்டை ஒட்டித்தான் நேரு வந்து தேசியக் கலைக்கூடத்தைத் திறந்துவைத்தார். பெரிய விருந்தினரால் மியூசியத்துக்குக் கிடைத்தது ஒரு நிரந்தரக் கூடம். இதை இளக்காரமாகப் பேச முடியாது.

ஒப்புக்கொள்கிறேன். அமைச்சரைக் கூப்பிடாதே என்று நான் சொல்லவில்லை. அவரைக் கூப்பிடும் கடிதத்தில் காரணம் எழுது என்கிறேன். "இந்தக் கூடத்தின் கூரைக்காகக் கூப்பிடுகிறோம்" என்று எழுதினால் அது நேர்மையான கடிதம், அவருக்கும் வேலை தெளிவு. அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடு, நிறுவனர் யாரை நினைத்துக் கதவைத் திறந்தாரோ அவர்களில் ஒருவருக்கு. அவரையும் மேடையில் பேச விடு. நன்றியுரைக்கு முந்தின இரண்டு நிமிடத்தில் வேண்டாம், முதலிலேயே.

ஆள் தேடவும் சிரமப்பட வேண்டாம். செப்புத் திருமேனிகளில் பல, வயலில் கலப்பை தட்டியும் அஸ்திவாரம் தோண்டும்போதும் கிடைத்துப் புதையல் சட்டத்தின் வழியே வந்தவை. 1878-ல் போட்ட சட்டம் அது. விளக்கப் பலகையில் ஊர், நூற்றாண்டு, உலோகம் எல்லாம் இருக்கும், மண்வெட்டி பிடித்த கை இருக்காது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டி எடுத்தவை எழும்பூரில் இருக்கின்றன. அந்த ஊர் ஜனங்கள் தங்கள் ஊர்ப் பொருளைப் பார்க்க அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும்.

1851-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 2026-ல் எழும்பூருக்கு 175. குறை சொன்னவன் மாதிரி ஒன்றும் எழுதிக் காட்ட வேண்டாமா? ஆதிச்சநல்லூர்ப் பெரியவர் ஒருவருக்குப் போக வேண்டிய கடிதம் இப்படி இருக்கலாம்:

*மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு, வணக்கம்.*

*சென்னை எழும்பூரில் செத்த காலேஜ் என்று ஜனங்கள் சொல்லும் அருங்காட்சியகத்துக்கு 175 ஆண்டு ஆகிறது. அதைத் தொடங்கியவர் பால்ஃபர் என்ற வெள்ளைக்கார மருத்துவர். படித்தவர்கள் மட்டும் வந்தால் போதாது, எல்லாரும் வரவேண்டும் என்று நினைத்தவர். அவர் நினைவாக விழா வைத்திருக்கிறோம்.*

*உங்கள் ஊர்ப் பரம்பில் கிடைத்த தாழிகளும் இரும்புப் பொருட்களும் நூறு ஆண்டுக்கு மேலாக எங்களிடம் இருக்கின்றன. இதுவரை உங்களிடம் நாங்கள் எதுவும் கேட்டதில்லை. அந்தப் பரம்பைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொல்வார்கள், அங்கே எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பார்கள், இதையெல்லாம் மேடையில் வந்து சொல்ல வேண்டும். நீங்கள் பேசும்வரை பேசலாம்.*

*நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தால் எழும்பூரிலேயே இறங்கலாம். ஸ்டேஷனுக்கு எங்கள் ஆள் வருவார். வண்டிச் செலவும் தங்கும் இடமும் எங்கள் பொறுப்பு. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அழைத்து வாருங்கள். தாழிகள் இருக்கும் கூடத்தை அன்று முதலில் உங்களுக்குத்தான் திறப்போம்.*

இதில் இலக்கியம் ஒன்றும் இல்லை. ஏன் கூப்பிடுகிறோம், என்ன கடன் இருக்கிறது, வந்தால் என்ன செய்ய வேண்டும், எப்படி வருவது: நாலு விஷயம். அமைச்சருக்கும் இதே நாலையும் எழுதலாம், ரயில் பெயரை மட்டும் எடுத்துவிட்டு.

கடிதம் போனபின் ஒருவர் போன் பண்ணி "அண்ணாச்சி, கடுதாசி வந்துச்சா? கண்டிப்பா வந்துரணும்" என்றும் கேட்க வேண்டும். நம் ஊரில் பத்திரிகை மட்டும் அனுப்பினால் அது தகவல். வாயால் கூப்பிட்டால்தான் அழைப்பு.